நாய் கரைக்கு வந்ததா?

நீக்கிலாப்பிள்ளை மொன்ட்ரியலில் அகதி விசாரணைகளுக்குப் பதினாலு வருசம் மொழிபெயர்த்தவர். பிறப்பு மன்னார், வீடு மொன்ட்ரியலின் வில்லரே பகுதியில். ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். விசாரணையில் ஆள் தும்மினால் அதையும் பிரெஞ்சில் சொல்லிவிடுவார் என்று சனம் பகிடி பண்ணும். அது வெறும் பகிடி. ஒருமுறை இருமினதைச் சொன்னது மட்டும் உண்மை.

இந்த நேர்மைக்கு வெளியில் நல்ல பெயர். வீட்டில் அவ்வளவாக எடுபடவில்லை. மனைவி அக்னெசுக்கு பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி'யோடு சரி; வைத்தியரிடம் போனால் இவர்தான் வாய். "கொழுப்புக் கூட, நடை காணாது, பாரம் கூட" என்று வைத்தியர் சொன்னால், இவரும் அதே முகத்தோடு அப்படியே சொல்லுவார்.

"பயப்பிட ஒண்டுமில்லை எண்டு ஒரு சொல்லுச் சேர்த்தால் உங்கட வாய் தேஞ்சு போகுமே?" என்று அக்னெஸ் கேட்பார்.

"அவர் அப்பிடிச் சொல்லேல்லையே" என்பார் இவர்.

2006ஆம் ஆண்டு மார்ச்சில் அக்னெசின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்தித் துண்டு எடுத்துவிட்டு, முடிவுக்குச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். அந்த முடிவை இந்த மனுசன் வாயால் கேட்கவேண்டுமே என்பதுதான் அக்னெசுக்குக் கட்டியைவிடப் பெரிய கவலை. இவருக்கும் பயம்தான். வாய் திறந்து சொன்னால்தானே தெரியும்.

இதற்கிடையில் சனிக்கிழமை மத்தியானம் பங்கு மண்டபத்தில் முதியோருக்குப் படம் போட்டார்கள். பிரெஞ்சு விளங்காத சனம் என்று யோசித்து, பங்குத்தந்தை நூலகத்தில் இருந்து பேச்சே இல்லாத காலத்துப் படம் ஒன்றின் டிவிடியை எடுத்து வந்திருந்தார். பனிக்காட்டில், வருத்தக்கார எசமானுக்காக மருந்துப் போத்தலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஓடுகிற வீர நாயின் கதை. பேச்சு இல்லைத்தான். ஆனால் இரண்டு நிமிசத்துக்கு ஒருக்கால் கறுப்பு அட்டையில் பிரெஞ்சு எழுத்து வந்தது. எல்லாத் தலையும் நீக்கிலாப்பிள்ளையின் பக்கம் திரும்பியது.

அவர் எழும்பி நின்று அட்டை அட்டையாகச் சொன்னார். கை உயர்த்திச் சத்தியம் பண்ணாதது ஒன்றுதான் குறை.

பிரெஞ்சில் ஆளைச் சுட்டவும் 'இல்' என்ற ஒரே சொல்தான், நாயைச் சுட்டவும் அதுதான். ஒரு அட்டை வந்தது. "அவர் ஆத்துக்குள்ள விழுந்திட்டார்" என்றார். முன்வரிசையில் இருந்த அல்போன்சம்மா எசமானுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எந்த அவர்? அவர் கட்டிலிலை எல்லோ கிடக்கிறார்?" என்று பின்னால் இருந்து ஞானேந்திரன் கேட்டார்.

பார்த்தால், பனிக்கட்டிகளுக்கு நடுவே நாய் தத்தளிக்கிறது.

"திருத்தம். அது விழுந்திட்டுது" என்றார் நீக்கிலாப்பிள்ளை. பதினாலு வருசத்தில் முதல் பிழை. காது இரண்டும் சிவந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்து டிவிடி இறுகிவிட்டது. நாய் ஒரு காலைப் பனிக்கட்டியில் வைத்தபடி அப்படியே நின்றது. பங்குத்தந்தை தட்டை வெளியே எடுத்து, அங்கியில் துடைத்துத் துடைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தார். நாய் அசையவில்லை.

"தம்பி, நாய் தப்பினதோ?" என்று அல்போன்சம்மா கேட்டார்.

"மிச்ச அட்டை வரேல்லை, அக்கா."

"சும்மா ஒண்டைச் சொல்லுமன்."

"எழுதாததை நான் எப்பிடிச் சொல்லுறது?" ஏற்கெனவே ஒரு பிழை விட்ட மனுசன், இன்னொன்றுக்கு ஆயத்தமில்லை. சனம் நாயைத் தண்ணீரில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனது.

அக்னெசும் அங்கே இருந்து பார்த்தவர்தான். வீட்டில் கோட்டைக் கழற்றும்போதுதான் சொன்னார். "ஒரு நாயைக் கரையேத்த உங்களுக்கு மனம் வரேல்லை. செவ்வாய்க்கிழமை என்னையும் உப்பிடித்தானே விடப்போறியள்."

அவர் அடுப்படிக்குப் போய்க் கேத்தலை வைத்தார். அன்று தேத்தண்ணியும் ஆறிப்போனது.

செவ்வாய்க்கிழமை வந்தது. வைத்தியர் ஒரு இளம் பெண்; கோப்பைத் திறந்துகொண்டு கடகடவென்று ஒரு நிமிசம் பேசினார். உயிர்க்கலம், திசு, ஆறு மாசத்தால் திரும்பவும் ஒரு ஸ்கேன், கட்டி இருந்தாலும் பரவாயில்லை, அதில் புற்று இல்லை. நீக்கிலாப்பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அக்னெஸ் வைத்தியரைப் பார்க்கவே இல்லை, இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஒருக்கால் செருமிவிட்டுச் சொன்னார்.

"நாய் கரைக்கு வந்திட்டுது."

அக்னெஸ் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். "உண்மையாவோ?"

"ஓம். போத்தலும் உடையேல்லை."

அக்னெஸ் அழத் தொடங்கினார். வைத்தியருக்கு யோசனையாகப் போய்விட்டது. தான் சொன்னது நல்ல செய்தி. பேசியது ஒரு நிமிசம். இவர் சொன்னதோ ஐந்தாறு சொல்.

"நான் சொன்னது முழுவதையும் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

நீக்கிலாப்பிள்ளை விசாரணையில் நிமிர்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முழுவதும் சொன்னேன்" என்றார் பிரெஞ்சில். "ஒரு சொல்லும் கூட்டவில்லை."