மதினி கேட்ட கேமரா

ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. விருதுநகரில் எங்கள் ஸ்டுடியோ ஈயாடிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் மதினி தன் கைபேசியை என் மேசைமேல் வைத்துத் திரையை என் பக்கம் திருப்பினார். யாரோ ஒருவர் புதிதாக வந்த மிரர்லெஸ் கேமராவை இரண்டு விரலில் தொங்கவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, இதுல உள்ள கண்ணாடியே கெடையாதாம். பாதிக்குப் பாதி வெயிட்டு கொறைச்சலாம். படம் அப்படியே இருக்குமாம். நாமளும் மாத்திக்கிட்டா என்ன?" என்றார். சொல்லும்போதே இடது கையால் வலது தோளைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ள முடியாது.

"கல்யாண வீட்டுக்கு இந்தப் பொம்மையத் தூக்கிட்டுப் போனா நம்மளயும் பொம்மைன்னுதான் நெனப்பாக மதினி" என்றேன். அவர் சிரித்தார். கைபேசியை எடுத்துக்கொண்டு ஆல்பம் ஒட்டப் போய்விட்டார்.

மதினி என் அண்ணனின் மனைவி. எனக்கும் அவருக்கும் ஒரே வயது. கல்யாணத்துக்கு முன்பும், கல்யாணம் ஆகிச் சில வருடங்களும் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலை பார்த்தவர். அண்ணன் சிவகாசியில் அச்சகம் ஒன்றில் மிஷின் ஓட்டினான். நான் ஸ்டுடியோ தொடங்கிய புதிதில் பூப்புனித நீராட்டு விழா, வளைகாப்பு போன்ற விசேஷங்களில் பெண்கள் இருக்கும் உள்ளறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். அங்கே போய் நாலு படம் எடுக்க ஒரு பெண் வேண்டும் என்பதற்காகத்தான் மதினியை அழைத்தேன். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதை மட்டும் காட்டினேன். மிச்சத்தை எல்லாம் அவரே பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

கேமராவைப் பிடித்தால் அந்தக் கை ஆடாது. வெடிமருந்துக்குப் பக்கத்தில் பல வருடம் இருந்த கை அது. பொறுமை அதைவிடப் பெரிது. நான் 'இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க' என்று கத்திக்கொண்டே இருப்பேன். அவர் ஒரு ஓரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒருத்தி கேமராவோடு இருக்கிறாள் என்பதே எல்லோருக்கும் மறந்துபோகும். பிறகுதான் எடுப்பார். சடங்கு வீட்டில் முதல்முறை சேலை கட்டிய பிள்ளை கொசுவத்தைக் குனிந்து பார்க்கும் படம், மகளை மணவறைக்கு அனுப்பிவிட்டுக் காலிக் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிய சீப்பிலிருந்து முடியை உருவும் தாயின் படம். இவையெல்லாம் மதினி எடுத்தவை. ஆல்பத்தின் பின்அட்டையில் இருந்ததோ என் பெயர் மட்டும்.

அப்போது எங்களிடம் இரண்டு டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் இருந்தன. அடியில் கூடுதல் பேட்டரி, தலையில் ஃப்ளாஷ், முன்னால் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் என்று எல்லாம் மாட்டினால் ஒவ்வொன்றும் மூன்று கிலோவைத் தொடும். விடியலில் பெண் அழைப்பு தொடங்கி மத்தியானப் பந்தி முடிகிற வரைக்கும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அந்தப் பாரம் பிடித்திருந்தது. எங்கள் பக்கம் கேமராவின் பருமனை வைத்துத்தான் கேமராக்காரனுக்கு மரியாதை. மண்டபத்துக்குள் நுழையும்போது பெரிய லென்ஸைப் பார்த்துச் சனம் விலகி வழிவிடும். அந்த வழியில் நடந்து போவதில் எனக்கு ஒரு சுகம். மதினிக்கு அந்தச் சுகமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அவருக்குப் பாரம் மட்டும்தான் இருந்தது.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தோம். அடுத்த மாதம் அந்த வீட்டு அம்மாவே ஸ்டுடியோவுக்கு வந்து, கடைசி மகளின் கல்யாண ஆர்டரைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அந்தப் பிள்ள எடுத்த படம் எல்லாம் கண்ணுலயே நிக்கிது. அவள எங்க கூடவே விட்டுருங்க. நீங்க மேடையப் பாத்துக்கோங்க" என்றார். மதினி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்த அம்மாவிடம் நன்றாகச் சிரித்துத்தான் பேசினேன். ஆனால் அன்றிலிருந்து மதினி எடுத்த படங்களில் குறை தேடத் தொடங்கினேன். அதற்குத் தொழில் சுத்தம் என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன். அது பொறாமை.

வலி தோளிலிருந்து இறங்கி முழங்கைக்கு வந்தது. மதினி தைலம் தேய்த்துக்கொண்டு வருவார். ஸ்டுடியோ முழுக்க அந்த வாடை அடிக்கும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்கள் என்று சொன்னேன். மறுநாள் முதல் தேய்க்காமல் வந்தார். "வெரல் ரெண்டும் மரத்துப் போயிருது தம்பி, எறும்பு ஊருற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். மறுபடியும் அந்தச் சின்னக் கேமராவைப் பற்றிக் கேட்டார். பார்ப்போம் என்றேன்.

தை மாதத்துக்கு முன்னால் நான் மதுரைக்குப் போய் மிரர்லெஸ் கேமரா வாங்கி வந்தேன். ஒன்றுதான் வாங்கினேன். பழைய இரண்டில் என்னுடையதை அங்கேயே மாற்றிக்கொள்ளக் கொடுத்துவிட்டேன். வெளியூர் ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள், முதலாளி வீட்டுப் பிள்ளைகளே கையில் அதை வைத்துக்கொண்டு திரிகிறார்கள், இனி யாரும் பொம்மை என்று சொல்லப் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் போனேன். மதினியின் கைக்காகப் போகவில்லை. பெட்டியைப் பிரித்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார். கையை நீட்டினார். "இருங்க மதினி, இன்னும் ஸ்ட்ராப் மாட்டல, கீழ விட்டுறாதீக" என்றேன். நீட்டிய கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்கு தம்பி. அப்ப நான் பெருசயே வச்சுக்கிறேன்."

"அடுத்த சீசனுக்கு உங்களுக்கும் ஒண்ணு வாங்கிருவோம்" என்றேன். அடுத்த சீசனில் டிரோன் வாங்கினேன். மேலேயிருந்து மண்டபத்தைக் காட்டினால் கூடுதலாக ஆர்டர் வரும் என்று அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. நான் புதுக் கேமரா கழுத்தில் இருப்பதே தெரியாமல் மண்டபத்தைச் சுற்றி வருவேன். மதினி கழுத்தில் மாட்ட முடியாமல் அந்த மூன்று கிலோவைக் கையிலேயே தூக்கிக்கொண்டு முழங்கையை இடுப்பில் ஊன்றி நிற்பார். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் கையை உதறுவார்.

அது ஒரு வைகாசி முகூர்த்தம். சிவகாசியில் பெரிய மண்டபம். நான் மேடைக்கு நேர் எதிரே, மதினி பெண்ணின் பக்கவாட்டில். கெட்டிமேளம் கொட்ட, மாப்பிள்ளை தாலியை எடுத்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்துவிட்டார். அவரை விலக்கி நான் குனிவதற்குள் மேடையில் பெரிய சத்தம். மேளம்கூட ஒரு கணம் தடுமாறியது. மதினியின் கையிலிருந்து கேமரா விழுந்திருந்தது. லென்ஸ் மணவறைப் படியில் பட்டுச் சிதறிக் கிடந்தது.

தாலி கட்டும்போது கண்ணாடி உடைவதா என்று பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. எனக்குத் தலை கொதித்தது. எல்லோர் முன்னாலும், "தூக்க முடியலன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதான? எதுக்கு வந்து என் மானத்த வாங்குறீக?" என்று கத்தினேன். மேடையில் எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள் என்று, மதினி உட்கார்ந்து, இடது கையால் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டார். வலது கை மடியில் கிடந்தது, தன்னுடையதே இல்லை என்பதுபோல.

மறுநாள் உடைந்த கேமராவிலிருந்து கார்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் படத்தில் மாப்பிள்ளையின் விரல்கள் மூன்றாம் முடிச்சில் இருந்தன. பெண்ணின் கண் இமைகளில் அட்சதை. பின்னால் அவள் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். இம்மியும் ஆட்டம் இல்லை. அதை எடுத்து முடித்த பிறகுதான் அந்தக் கை விட்டிருக்கிறது. என்னுடைய கார்டில் இருந்ததோ ஒரு சட்டைக் காலர். மதினியின் படத்தைத்தான் ஆல்பத்தின் அட்டையாகப் போட்டேன். அந்த வீட்டார் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அந்தப் படம் பதிவாகியிருந்ததை மதினியிடம் நான் சொல்லவே இல்லை.

மதுரையில் டாக்டர், கழுத்தெலும்பில் நரம்பு நெரிபட்டிருக்கிறது, ரொம்ப முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார். ஆபரேஷன் நடந்தது. வலி போனது, பிடி திரும்பவில்லை. கரண்டியைப் பிடிக்கலாம், குடத்தைத் தூக்க முடியாது. ஆள்காட்டி விரல் மட்டும் மடங்குவதே இல்லை.

அவர் வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். அண்ணன் வாசலில் நின்றான். கோபம் இல்லாத குரலில்தான் கேட்டான்.

"எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேண்டாம். கை வலிக்குன்னு இவ ஒன்ட்ட அந்தச் சின்னக் கேமராவக் கேட்டாளா, இல்லையா?"

உள்ளே மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் பேச்சு அவருக்குக் கேட்கும் தூரம்தான்.

"கேக்கலியே அண்ணே. கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருக்க மாட்டனா?"

அண்ணன் திரும்பி மதினியைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஆமாங்க, நான் கேக்கல. எனக்குத் தோணல" என்றார். பிறகு, "வெயில்ல நிக்காதீக தம்பி, உள்ள வாங்க" என்றார்.

என்னைக் காப்பாற்ற அவர் அப்படிச் சொல்லவில்லை. அண்ணன் தம்பி உறவு தன்னால் அறுந்தது என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது என்பதற்காகச் சொன்னார். அல்லது, நான் சொன்ன பொய்யோடு நானே இருந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். இரண்டில் எது என்று இத்தனை வருடத்தில் எனக்கு விளங்கவில்லை.

இன்று ஸ்டுடியோவில் மூன்று மிரர்லெஸ் கேமராக்கள் இருக்கின்றன. வேலைக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். கேமரா சின்னதாக இருக்கிறதே என்று யாரும் கேட்பதில்லை. கேட்பார்கள் என்று நான் பயந்த காலத்திலும் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், ஒருவர் முகம்கூட நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

போன ஆவணியில் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆர்டர் எனக்குத்தான் என்று நினைத்து நாள் கேட்டுப் போன் செய்தேன். "நீங்க வீட்டாளு. சபையில முன்னால நிக்க வேண்டியவுக, கேமராவத் தூக்கிட்டு அலையலாமா?" என்றார் மதினி. படம் எடுக்கக் காரியாபட்டியிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். அந்தப் பெண் சுறுசுறுப்பாக எடுத்தாள். ஒரு இடைவெளியில் மதினி அவள் பக்கத்தில் போய், "கொஞ்சம் குடு தாயி, பாத்துட்டுத் தாரேன்" என்று இடது கையை நீட்டினார். அவள் சட்டென்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். மதினி கேமராவை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார், அந்தப் பெண்ணிடம்.

"ஆமாக்கா. நாள்பூராப் போட்டுருந்தாலும் தெரியாது."

மதினி அதைத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "சாப்பிட்டீகளா தம்பி? பந்தி போட்டாச்சு, போங்க" என்றார்.

போய் உட்கார்ந்தேன். அண்ணன்தான் சோறு போட்டுக்கொண்டு வந்தான். மகளுக்கு நல்ல இடம் அமைந்த சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. என் இலையில் கூடுதலாக ஒரு கரண்டி வைத்தான். நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"என்னலே, என்ன வேணும்?" என்றான்.

"ரசம் கொண்டாரச் சொல்லுண்ணே" என்றேன்.