எண்ணப்படாத எண்பத்து நான்கு பேர்

அன்னக்கொடியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் மந்தைப்பாறையில் இல்லை. பூண்டில் எடை குறைத்த வியாபாரியை, வத்தலக்குண்டுக் கடை வாசலில் நாலு பேர் பார்க்க நிறுத்தி வைத்து மறு எடை போட வைத்தவள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் அதிகாரிகளை நம்பி வாயை அடக்கிக்கொண்டாள். அந்த ஒரு நாள் அவள் மகளின் படிப்பைத் தின்றுவிட்டது.

மகள் சுபஸ்ரீ பத்தாவது வரை உள்ளூரில் படித்தாள். அதற்குமேல் படிக்கப் பதினாலு கிலோமீட்டர் தள்ளிக் கொடைக்கானலுக்குப் போக வேண்டும். எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. நான் ஓட்டும் ஜீப், கூலியாட்களை விடிகாலையில் தோட்டங்களில் இறக்கிவிட்டு இருட்டிய பிறகுதான் திரும்பும். பள்ளி விட்டதும் காட்டுமாடு நிற்கும் பாதையில் பெண்பிள்ளையை யார் நடக்க விடுவார்கள்?

பஸ் கேட்டு மூன்று வருடம் மனுக் கொடுத்தாள் அன்னக்கொடி. கடைசியில் பதில் வந்தது. ஊரிலிருந்து எத்தனை பேர் வெளியே போகிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பார்ப்பார்களாம். எண்ணிக்கை தேறினால்தான் பஸ்ஸுக்குப் பணம் ஒதுக்குவார்களாம்.

அரசாங்க ஆள் வந்தால் எங்கள் ஊரில் ஒருவரும் வேலைக்குப் போக மாட்டோம். போனால் அவமரியாதை. ஊரே கூடி நின்று சோறு போட வேண்டும். அன்றும் அப்படித்தான் செய்தோம். அன்னக்கொடி தன் கோழிகளை அடித்துக் குழம்பு வைத்தாள். நான் ஜீப்பை எடுக்காமல் பந்தியில் இலை போட்டேன். ஊர்முனையில் நோட்டோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது எங்கள் மரமண்டைகளுக்கு உறைக்கவில்லை. ஊரை விட்டு வெளியே போனால்தான் கணக்கில் ஏறும் என்று உண்ட வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்கும் வாய் வரவில்லை.

ஜூன் மாதம் முடிவு வந்தது. பயணிகள் மூன்று பேர், பஸ் தேவையில்லை. அன்று ஆஸ்பத்திரிக்குப் போன மூன்று பேரை மட்டும் எண்ணியிருக்கிறார்கள்.

அன்றே அன்னக்கொடியை ஜீப்பில் ஏற்றிப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"எண்ணுனதுதாம்மா கணக்கு. மறு ஆய்வு மூணு வருஷம் கழிச்சுத்தான்."

"ஏரியச் சுத்துற டூரிஸ்ட் பஸ்ஸுக்கு மட்டும் மே மாச சீசன்ல போயி எண்ணுனீங்களே, அது எப்படிங்க சார்?"

"அது வேற திட்டம்மா."

அன்னக்கொடி மேசையில் கையை ஊன்றினாள்.

"அன்னிக்கு எண்பத்தாறு எல போட்டோம். ரெண்டு எலயில உங்க ஆளுக தின்னாக. மிச்ச எண்பத்தி நாலு பேரும் தெனம் ஜீப்புல தொங்கியும் நடந்தும் வேலைக்குப் போற சனங்க. உங்களுக்குச் சோறு போடத்தான சோலிய விட்டுட்டு நின்டாக? எச்சி எலய எண்ணியிருந்தாக்கூட எம்மக படிச்சிருப்பாளே!"

அவர் கோப்பை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சுபஸ்ரீ பள்ளியில் சேரவில்லை. காரட் கழுவும் கூலி வேலைக்குப் போகிறாள். தினமும் விடிகாலையில் என் ஜீப்பின் பின்படியில் நின்றுகொண்டு வருகிறாள். மூன்று வருடம் கழித்து நோட்டோடு வரட்டும். அவர்கள் கணக்குக்கு ஒரு பயணி கூடியிருப்பாள்.