பிடித்த மாட்டுக்கு மூன்றே காம்பு

ஊரில் அவளுக்குப் பெயர் வீம்பி. கணவன் செத்ததும் மாடுகளை விற்கச் சொன்னார்கள். தொழுவத்தை இன்னும் நீட்டிக் கட்டினாள். புற்று வந்து இடது மார்பை எடுத்தபோது, இனி ஓய்ந்துவிடுவாள் என்றார்கள். தையல் காய்ந்ததும் வாளியைத் தூக்கினாள். அப்படிப்பட்டவளிடம் போய், கறுப்பிப் பசுவை அடிமாட்டுக்கு அனுப்பு என்றால் சும்மா விடுவாளா?

சொன்னவன் கொழுந்தன். கறுப்பிக்குப் பின்பக்கத்துக் காம்பு ஒன்றில் மடிநோய். பால் திரிதிரியாக வந்தது. ஊசி போட்டால் அடங்கும், மறுபடி வீங்கும். வீம்பியும் ஒரு தப்புச் செய்தாள். கெட்ட பாலை ஒட்டக் கறந்தால் நோயும் கூடவே போய்விடும் என்று, நேரம் காலம் இல்லாமல் கறந்து தள்ளினாள். கறக்கக் கறக்க மடி ஊறிக்கொண்டே இருந்தது.

மாட்டு டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கறக்காதீங்கக்கா! கிருமி பாசி மாதிரி ஒட்டிக்கிட்டு உள்ள ஒளிஞ்சிருக்கு. பால்ல இருக்கிற புரதமே அதுக்குப் போர்வை. ஊசி மருந்து எங்க போய்ச் சேரும்?"

"அப்ப என்னதான் செய்றது?"

"அதே புரதத்தைத் துண்டு துண்டா நறுக்கின மருந்து இருக்கு. காம்பு வழியா ஏத்தினா, 'போதும், கடையைச் சாத்து'ன்னு மடிக்குச் சொல்லும். பால் ஊறுறது நிக்கும், உடம்பே கிருமியோட சண்டைக்கு வரும். ஆனா இந்தக் கறவைக்கு அந்தக் காம்பு கிடையாது. குணமாகும்னு சத்தியமும் பண்ண மாட்டேன்."

"பாலை வெச்சே பாலை நிறுத்துறீங்களா? ஏத்துங்க, பாத்துடலாம்."

மருந்து ஏறியதும் மடி கல்லாய் வீங்கியது. கறந்துவிடச் சொல்லிக் கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கறுப்பி கத்தியபோது கூடவே அழுதாள், தொடவில்லை. மெல்ல வீக்கம் வடிந்து, அந்தப் பக்க மடி சுருங்கித் தொங்கியது. மற்ற மூன்றிலும் பால் சுத்தமாக வந்தது.

"பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு கேள்விப்பட்டிருக்கோம், இவ மாட்டுக்கு மூணே காம்பாம்!" என்று தெரு சிரித்தது. கொழுந்தன் அடிமாட்டு வண்டிக்காரனையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"காம்பு ஒண்ணு செத்துப்போன மாட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது அண்ணி? ஊரே சிரிக்குது."

வீம்பி வாளியைக் கீழே வைத்தாள். "என்னையே வெச்சிருக்கீங்களே தம்பி இந்த வீட்டுல. முதல்ல என்னை வண்டியில ஏத்துங்க, அப்புறம் அவளை ஏத்தலாம்."

வண்டிக்காரன் நைசாக நழுவினான். கொழுந்தன் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே போனான்.

கறுப்பி அடுத்த கன்று போட்டதும் வீம்பி நாலு காம்பையும் பீய்ச்சிப் பார்த்தாள். சாத்திக் கிடந்ததிலிருந்தும் சீம்பால் வந்தது, மஞ்சளாக, கெட்டியாக. ஒரு திரி இல்லை.

"உனக்குத் திரும்பிடுச்சுடி, கொழுப்பெடுத்தவளே!" என்று அதன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "எனக்குத் திரும்பாது. அதனால என்ன இப்போ? காலை நகத்து, கறக்கணும்."