டிராக்டருக்குப் பின்னால் ஒரு சுருள் கை

காற்றடித்து நிறுத்திய கூடாரத்துக்குள் பட்டப்பகலில் நட்சத்திரம் காட்டுவது என் தொழில். ஒரே விளக்கத்தை ஊர் ஊராகச் சொல்லிப் பிழைக்கிற எவரும் எனக்குச் சொந்தக்காரர்தான். கோவில்பட்டியிலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு வேனில் போவோம். ஓட்டுபவர் காதர் பாய்.

காலில் ஒட்டியது

குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளி. முந்தின நாள் மழை. மைதானத்தைக் கடந்து வந்தவர்கள் காலில் இன்னொரு செருப்பு போலக் கரிசல் மண் அப்பியிருந்தது. கழுவினால்தான் உள்ளே விடுவேன் என்றேன். சத்துணவு சமைக்கும் அக்கா குடத்தோடு நின்று எல்லோர் காலுக்கும் தண்ணீர் ஊற்றினார். கடைசியில் தன் காலையும் கழுவிவிட்டுக் கேட்டார்: "மேல மண்ணே கிடையாதா சார், இம்புட்டு சுத்தம் பாக்குதீங்க?"

நூல்கண்டு

கடம்பூர் அருகே ஒரு பள்ளியில், நம் பால்வீதியின் சுருள் கைகளைக் காட்டி, காப்பியில் பால் கலக்குவதுபோல என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கணக்கு டீச்சர் பேச்சியம்மாள் எழுந்தார். "உள்ள இருக்கது சீக்கிரம் சுத்தி முடிக்கும், வெளிய இருக்கது பிந்தும். அப்போ நாலு சுத்துல கை நூல்கண்டா சுருண்டுராதா?"

ஈர்ப்பு விசை என்று ஆரம்பித்து, சுற்றிவந்து காப்பியிலேயே முடித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகளின் அம்மாக்கள், இங்கே தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். அவர்களுக்காக ஞாயிறன்று ஒரு காட்சி வைக்க டீச்சர்தான் ஏற்பாடு செய்திருந்தார். வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார்: "அவியளுக்குக் கிடைக்கது வாரத்துல அந்த ஒரு நாள்தான். பதிலோட வாங்க அண்ணாச்சி, இல்லன்னா கூடாரத்தை இறக்காதீங்க."

உரசல்

புத்தகத்தில் பதில் இருந்தது. அதைச் சொல்லும் வழிதான் இல்லை. ஞாயிறு காலை, ஒடுங்கிய சாலையில் சோளத்தட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னே ஊர்ந்தது. பின்னால் வண்டிகள் திரண்டன. ஒவ்வொன்றாக முந்திப் போயின. புதியவை வந்து சேர்ந்தன. வண்டிகள் மாறின, திரள் மாறவில்லை. அது டிராக்டரின் வேகத்திலேயே நகர்ந்தது.

அந்த நெருக்கத்தில் இரண்டு பைக்குகள் உரசிக்கொண்டன. "கண்ணு பொடதியிலயால இருக்கு?" என்று பிடரியில் தொடங்கிய சண்டை, ஊர் விசாரித்து, தாத்தாவை விசாரித்து, பெண் கொடுக்கல் வாங்கல் பேச்சில் வந்து நின்றது. காதர் பாய் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். "காலி ரோடா இருந்தா இவிய ரெண்டு பேரும் மூஞ்சியக்கூடப் பாத்திருக்க மாட்டாவ சார்."

சிரிப்பு

கூடாரத்தை உடனே இறக்கவில்லை. அம்மாக்களை மைதானத்தில் வட்டமாக நடக்கச் சொன்னேன். அதே வட்டத்தில் இரண்டு ஆசிரியர்கள் டிராக்டர்போல மெதுவாக நடந்தார்கள். அவர்களை நெருங்கும்போது வேகம் குறைத்து, தாண்டியதும் பழையபடி நடக்க வேண்டும். மாடியிலிருந்து பேச்சியம்மாள் டீச்சர் பார்த்தார். நெரிசலில் இடித்துக்கொண்டவர்கள் சிரித்தார்கள். சிரிப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சிரிப்பு மட்டும் நெரிசலோடேயே போனது.

நானும் மாடி ஏறிப் போய்ச் சொன்னேன்: "வாயுவும் தூசியும் அப்படி நெருக்குப்படும்போதுதான் புது நட்சத்திரம் பிறக்குது டீச்சர். ரொம்பப் பிரகாசமானது நெரிசலைத் தாண்டிப் போறதுக்குள்ள அணைஞ்சிரும். அதனால கை மட்டும் மினுங்குது."

அவர் கீழே நகரும் நெரிசலை விரலால் தொடர்ந்தார். "அப்போ கைங்கிறது ஆள் இல்ல, நெரிசல். அதான் சுருளல. சரி, காத்தடிங்க அண்ணாச்சி, வெயில் ஏறுது."

இப்போதெல்லாம் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் நான் பாயை ஹாரன் அடிக்க விடுவதில்லை, அதனால் எல்லாப் பள்ளிக்கும் தாமதமாகவே போய்ச் சேருகிறோம்.