மூன்றாவது வரிசையில் அண்ணன்

போன வாரம் மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நான்தான் மேக்கப் போட்டுவிட்டேன். ரோஸ் பவுடரும் வியர்வையும் கலந்த அந்த வாசனை வந்ததும் எனக்குப் பழைய மேடை ஒன்று நினைவுக்கு வந்தது. மேடை ஏறப்போவது அவள், பயம் எனக்கு. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நாடகத்தில் நடித்தேன். எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்த ஜேம்ஸ் அண்ணன் நாடகம் எழுதுவார். ஷிப்ட் முடிந்தவர்களைப் பிடித்துவந்து, ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிறுதோறும் ஒத்திகை. கோவில்பட்டியில் இருந்த வீட்டுக்கு 'ஓவர்டைம்' என்று சொல்லியிருந்தேன். பொய் சொல்ல மட்டும் எனக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

நாடகத்தன்று மாலை திரை இடுக்கில் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் என் அண்ணன். சொல்லாமல் கொள்ளாமல் ஊரிலிருந்து வந்து, நான் தங்கியிருந்த ஹாஸ்டலில் விசாரித்து, நேராக இங்கே வந்திருக்கிறான். கடைசிக் காட்சியில் நான் கணவன் தோளில் சாய்ந்து அழ வேண்டும். கணவனாக நடித்தவர் முருகேசன், காவேரிப்பட்டினத்துக்காரர், வெல்டர்.

"என்னால முடியாதுண்ணா," என்றேன் ஜேம்ஸ் அண்ணனிடம்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேற ஆளு இல்லம்மா. ஜனம் வந்து உக்காந்தாச்சு."

முருகேசன் மெதுவாகச் சொன்னார்: "நான் கிட்டவே வர்லீங்க. நீங்க நின்ன எடத்துலயே அழுங்க, போதும்."

அழுதேன். அது நடிப்பில்லை. வசனம் பாதி மறந்துபோனது. என் அறைத்தோழி மஞ்சுளா திரைக்குப் பின்னாலிருந்து தன் தெலுங்கு வாசனைத் தமிழில் எடுத்துக் கொடுத்தாள். கைதட்டல் எழுந்தபோது நான் அண்ணனின் கைகளை மட்டும் பார்த்தேன். அவை மடியிலேயே இருந்தன.

நாடகம் முடிந்து பஸ் ஸ்டாண்டு வரை அவனோடு நடந்தேன். பஸ் ஏறும்போதுதான், "அம்மாட்ட ஓவர்டைம்னே சொல்லுதேன். இதோட விட்ரு, என்ன?" என்றான்.

விட்டுவிட்டேன். அடுத்த நாடகத்தில் என் வேஷத்தை மஞ்சுளா போட்டாள். போய்ப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அந்த மண்டபம் பைக் ஷோரூம். கம்பெனி மூடியதும் ஜேம்ஸ் அண்ணன் சூளகிரிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஷிப்ட் ஆட்களைக் கூட்டி நாடகம் போட ஒருத்தரும் வரவில்லை.

நான் ஓசூரிலேயே கல்யாணமாகித் தங்கிவிட்டேன். பல வருஷம் கழித்து அண்ணனிடம் கேட்டேன், அன்றைக்கு அவ்வளவு கேவலமாகவா நடித்தேன் என்று.

"நல்லாத்தான் நடிச்ச," என்றான். "அதான் பயந்துட்டேன். இனிமே நீ ஊருக்கு வரமாட்டேன்னு தோணிச்சு."