அவர் படிக்க, நான் உம் கொட்ட

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் கைப்பேசியில் அவர் பெயர் வந்தது. வழக்கம்போல எடுத்தவுடன், "உம், படிங்க" என்றேன். பேசியது அவருடைய மகள். "மாமா, அப்பா போயிட்டாங்க" என்றாள். அதற்கும் என் வாயிலிருந்து ஒரு உம் வந்துவிட்டது.

பேராசிரியர் இருளப்பனை நாவலாசிரியராக, கவிஞராக நீங்கள் அறிவீர்கள். தமிழ்த்துறையில் பக்கத்து நாற்காலிக்காரனான எனக்கு அவர் ஒரு குரல். எழுதிய பக்கத்தை அன்றைக்கே வாசித்துக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஓய்வுபெற்று அவர் ரெட்டியார்சத்திரத்துக்கும் நான் அகரத்துக்கும் போன பிறகு, வாசிப்பு போனில் நடந்தது.

ஒருமுறை "பிரமாதம்" என்று சொல்லிவிட்டேன். "யோவ், மார்க்கா கேட்டேன்? உம் கொட்டுய்யா, போதும்" என்று எரிந்து விழுந்தார். உம் கொஞ்சம் தாமதித்தால் அந்த இடத்தை அடித்துவிடுவார். தோல் தொழிலாளிகளைப் பற்றிய நாவலில், பிரியாணிக் கடையில் நடந்த கல்யாணப் பேச்சு முழுதும் அப்படித்தான் போயிற்று. உண்மையில் எனக்கு அப்போது விக்கல். அதைச் சொன்னதற்கு, "விக்கல் வர்ற மாதிரி எழுதுனது என் தப்புதான்யா" என்றார். கடைசிவரை அதைத் திரும்பச் சேர்க்கவில்லை.

கவிதைகளை மட்டும் வாசித்துக் காட்டியதில்லை. "அது தனியா கெடக்கட்டும். கதைக்குத்தான் தொணை வேணும்" என்பார்.

என் மனைவி இறந்து காரியம் முடிந்த மறுநாள் கூப்பிட்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "செத்த நேரம் கேளுய்யா" என்று படிக்க ஆரம்பித்தார். அது அச்சாகி வந்த பழைய நாவல். அடுத்தடுத்த நாட்களிலும் பழைய பக்கங்கள்தான். அவை நான் ஏற்கெனவே கேட்டவை என்பது அவருக்கும் தெரியும். நான் உம் கொட்டினேன். அந்த வீட்டுக்குள் வந்த ஒரே மனிதக் குரல் அதுதான். என்னை அது காப்பாற்றியது.

திண்டுக்கல்லில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவருடைய மாணவி ஒருத்தி அதே நாவலிலிருந்து வாசித்தாள். முதல் பத்தி முடிந்ததும் என்னை அறியாமல் உரக்க உம் என்றேன். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பாவம், அந்தப் பெண் நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனாள்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த உம்தான். சாயங்காலமானால் அது வாய்வரை வந்து நிற்கிறது. நேற்று தாங்கமாட்டாமல் அவர் புத்தகத்தை எடுத்து நானே உரக்கப் படித்தேன். பத்தி முடிந்ததும் நிறுத்தி, கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.