அறிவித்தலில் நான் எழுதாமல் விட்ட தொழில்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையிலெடுத்திருக்கும் உங்களிடம் முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். மரண அறிவித்தலில் பிறந்த ஊர், வதிவிடம், மாமன் மச்சான் பெயர்கள் எல்லாம் எழுதிய நான், தொழில் என்று வந்தபோது "பாலர் பாடசாலை ஆசிரியை" என்று மட்டும் எழுதினேன். பொய்யில்லை, பகலில் அந்த வேலைதான் செய்தார். ஆனால் அக்கா ரெகே பாடகி. படுக்கையறைக் காதலைப் பாடியதால் ஊர் வாயில் "கட்டில் பாட்டுக்காரி".

மன்னாரில் பிறந்து, நான்கு வயதில் அம்மாவோடு ஒஸ்லோ வந்தவர். நகரின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவா பகுதி அடுக்குமாடியில் வளர்ந்தார். மாதா கோயில் பாடகர் குழுவில் அவர் குரல்தான் எடுப்பாகக் கேட்கும். இருபது வயதில், கூடப் படித்த மூன்று நோர்வேஜியர்களோடு இசைக்குழு தொடங்கினார். நோர்வேஜிய மொழியில் மட்டும் பாடியிருந்தால் எங்கள் சனம் கண்டுகொண்டிருக்காது. அக்கா பல்லவியைத் தமிழில் வைத்தார்:

"சப்பாத்தைக் கழற்று, வெட்கத்தையும் கழற்று,
வெளியில பனி கொட்டுது, கண்ணா!"

கோடை விழா மேடைகள் அவரைத் தேடி வந்தன. கோயில் குழுவிலோ அவருக்கு இடமில்லாமல் போனது. ஒரு கிழமை அழுதார். பிறகு அடுத்த பாட்டை எழுதினார்.

சித்தப்பா வீட்டுக்கே வந்து ஏசினார்.

"குடும்ப மானத்தை வாங்கிறாய், பிள்ளை! இதெல்லாம் பாடுற விசயமே?"

"உங்களுக்கு ஆறு பிள்ளையள், சித்தப்பா. பாடுறது மட்டும்தான் பிழையோ?"

சித்தப்பா தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

புற்றுநோய் வந்த பிறகும், மொட்டைத் தலையில் பட்டுத் துணி கட்டிக்கொண்டு இரண்டு மேடைகள் ஏறினார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "நினைவு மலரிலை பக்தியான பிள்ளை எண்டு மட்டும் எழுதிப்போடாதை. பாட்டுக்காரி எண்டு எழுது, என்ன?" ஓம் என்றேன். ஆனால் அறிவித்தல் எழுதும்போது சனத்துக்குப் பயந்துவிட்டேன். இன்றுவரை நெஞ்சு சுடுகிறது.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் ரோல்சும் தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இசைக்குழுவினர் கதவோரம் ஒதுங்கி நின்றார்கள். அம்மா கண்டுவிட்டார்.

"அந்தப் பிள்ளையள் ஏன் பின்னுக்கு நிக்கினம்? முன்னுக்கு வரச்சொல்லு. அவளின்ரை பாட்டைப் பாடட்டும்."

கிட்டார் தொடங்கியது. மண்டபம் தலை குனிந்திருந்தது. பல்லவி வந்தபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பாட்டை ஒருநாளும் கேட்டதேயில்லை என்றவர்களின் உதடுகள் எல்லாம் அசைந்தன. ஒரு சொல்கூடத் தவறவில்லை. முன்வரிசையில் சித்தப்பா, கண்ணீர் வழிய, இரண்டாம் சரணத்தையும் முணுமுணுத்தார்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், அன்று பாடிய இசைக்குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உதட்டை மட்டும் அசைத்தவர்களுக்கும் நன்றி.

இன்று திருப்பலி முடிந்ததும் அதே மண்டபத்தில் கூடுகிறோம். முன் அட்டையில் அக்காவின் படத்தின் கீழ் "பாடகி" என்று போட்டிருக்கிறேன். பாட்டு முழுவதும் பின் அட்டையில் இருக்கிறது. இந்த முறை வாய் திறந்து பாடுங்கள்.